புறப்பாட்டு வரிசைக்கு ஒரு மென்பொருள்: ஐரோப்பிய வான்போக்குவரத்தில் கற்பனைப் பயிலரங்குகள் வழியே தேவைகளைக் கண்டடைந்த நிகழ்வின் ஆய்வு

புதிய மென்பொருளுக்கான தேவைகள் பயனர்களின் மனத்தில் முன்பே உருப்பெற்றுக் கிடக்கின்றன, முறையாகப் பேட்டி கண்டால் அவை வெளிவந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலான திட்டங்கள் தொடங்குகின்றன. ஏற்கெனவே கையால் நடைபெறும் வேலையைக் கணினிக்கு மாற்றும்போது இந்த நம்பிக்கை ஓரளவு பலிக்கும். சம்பளப் பட்டியல் தயாரிக்கும் அலுவலருக்குப் பிடித்தங்கள் எவை, விதிவிலக்குகள் எவை, மாதக் கடைசியில் எந்தக் கணக்கு இடிக்கும் என்பதெல்லாம் தெரியும்; பொறுமையாகக் கேட்பவருக்கு அவர் சொல்லிவிடுவார். இதுவரை எவரும் செய்திராத ஒரு வேலையைச் செய்யப்போகும் மென்பொருளின் தேவைகளை யாரிடம் கேட்பது என்பதுதான் கடினமான கேள்வி. 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய வான்போக்குவரத்துத் துறை இக்கேள்வியை எதிர்கொண்டது. அப்போது லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தின் நீல் மெய்டனும், அட்லாண்டிக் சிஸ்டம்ஸ் கில்ட் என்ற ஆலோசனை நிறுவனத்தைச் சேர்ந்த சுசான் ராபர்ட்சனும், அவர்களுடைய சகாக்களும் நடத்திய கற்பனைப் பயிலரங்குகள் (புதிய கருத்துகளைத் தூண்டப் பங்கேற்பாளர்களைக் கூட்டி நடத்தும் அமர்வுகள்), மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கண்டறிந்து பதியும் தேவைப் பொறியியலில் இன்றும் முன்னுதாரணமாகப் பேசப்படுகின்றன. அந்தப் பயிலரங்குகளில் எது வேலை செய்தது, ஏன் வேலை செய்தது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது. கற்பனை உத்திகளின் பலன் அந்த உத்திகளுக்குள் மட்டும் அடங்கியிருக்கவில்லை, அவற்றுக்கு முன்னும் பின்னும் செய்யப்பட்ட ஒழுங்கான பணியிலும் அது தங்கியிருந்தது என்பது என் முடிவு.

இரண்டு மென்பொருள்கள், ஒரே சிக்கல்

முதல் மென்பொருளின் பெயர் கோரா-2. வானில் இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று ஆபத்தான அளவுக்கு நெருங்கப்போகின்றன என்பது முன்கூட்டியே தெரியவந்தால், அந்த மோதல்நிலையைத் தவிர்க்க வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்குத் தீர்வுகளைப் பரிந்துரைப்பது அதன் நோக்கம். ஐரோப்பிய நாடுகளின் வான்போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் யூரோகன்ட்ரோல் அமைப்புக்காக இது திட்டமிடப்பட்டது. வழித்தட வான்வெளியில் விமானங்களுக்கிடையே கிடைமட்டத்தில் 5 கடல் மைல், அல்லது செங்குத்தாக 1,000 அடி இடைவெளி இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. இந்த இடைவெளி குறையும் என்று கணிப்பது கணிதம் சார்ந்த வேலை. அதை எப்படித் தவிர்ப்பது என்று முடிவு செய்வதோ கட்டுப்பாட்டாளரின் கலை. விமானத்தைத் திருப்புவதா, மேலே ஏற்றுவதா, வேகத்தைக் குறைக்கச் சொல்வதா, இன்னும் சிறிது நேரம் பொறுத்துப் பார்ப்பதா என்பதில் ஒவ்வொருவருக்கும் பல ஆண்டு அனுபவத்தால் வாய்த்த ஒரு போக்கு உண்டு. அந்தப் போக்குக்கு முற்றிலும் அன்னியமான தீர்வுகளைக் காட்டும் மென்பொருள், கணக்கில் எவ்வளவு சரியாக இருந்தாலும், பணி நெருக்கடியில் புறக்கணிக்கப்படும்.

இரண்டாவது மென்பொருள் டிமேன் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட புறப்பாட்டு மேலாளர். பிரிட்டனின் வான்போக்குவரத்துச் சேவை நிறுவனமான நாட்ஸ் தலைமை ஏற்க, பிரெஞ்சுத் தரப்பும் பங்கேற்ற திட்டம் இது. ஹீத்ரோ போன்ற நெரிசல் மிகுந்த விமான நிலையங்களில் எந்த விமானம் எப்போது புறப்பட வேண்டும் என்ற வரிசையை அமைப்பதில் கட்டுப்பாட்டாளர்களுக்கு அது உதவ வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எளிதாகத் தோன்றும் இந்தப் பணிக்குள் பல கட்டுப்பாடுகள் பின்னிக் கிடக்கின்றன. பெரிய விமானம் எழுப்பும் காற்றுச்சுழி அடங்குவதற்காக, அதன் பின்னால் புறப்படும் சிறிய விமானம் வழக்கமாக 2 நிமிடம் காத்திருக்க வேண்டும். அடுத்தடுத்துப் புறப்படும் இரண்டு விமானங்களின் பாதைகள் 45 பாகையாவது விலகிச் சென்றால் 1 நிமிட இடைவெளியே போதும். ஒரே பாதையில் சென்றால் அதைவிடக் கூடுதலாக வேண்டும். ஆகவே ஒரே விமானங்களை வேறு வரிசையில் நிறுத்தினால், ஒரு மணி நேரத்தில் ஓடுபாதை கையாளும் எண்ணிக்கையே மாறிவிடும். இவற்றுக்கு மேல், ஐரோப்பிய வான்வெளியின் நெரிசலைச் சமாளிக்கச் சில விமானங்களுக்கு மையமாக ஒதுக்கப்படும் புறப்பாட்டு நேரம் இருக்கிறது. அந்த நேரத்துக்கு 5 நிமிடம் முன்னிருந்து 10 நிமிடம் பின்வரையே விமானம் எழும்பலாம். தவறினால் புதிய நேரம் கேட்க வேண்டியதுதான். எஞ்சினை இயக்க அனுமதி தருபவர், தரைப்பாதையில் வழிநடத்துபவர், ஓடுபாதையைக் கவனிப்பவர் என்று நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பலர் இந்த வரிசையைத் தொட்டு மாற்றுகிறார்கள். அவர்கள் கையிலிருந்த முக்கியக் கருவி, ஒவ்வொரு விமானத்துக்கும் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும் ஸ்ட்ரிப் எனப்படும் சிறு தாள்துண்டு.

இவர்களிடம் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால், தாள்துண்டுகளைத் திரையில் காட்டுங்கள் என்ற பதில் வரக்கூடும். அது நியாயமான பதில்தான், ஆனாலும் இன்று இருப்பதன் மின்னணு நகலை மட்டுமே அது கேட்கிறது. ஜப்பானியத் தர மேலாண்மை அறிஞர் நொரியாக்கி கானோ 1984இல் முன்வைத்த பகுப்பின்படி, பயனர் கேட்காமலே எதிர்பார்க்கும் அடிப்படைப் பண்புகளும், அவர் கேட்டுப் பெறும் பண்புகளும், கிடைத்த பிறகே மதிப்பை உணரும் பண்புகளும் தனித்தனியானவை. கேள்விக்கு விடையாகக் கிடைப்பது பெரும்பாலும் நடுவில் உள்ள வகை. முதல் வகையைக் களத்தில் நின்று கவனித்தால்தான் கண்டறிய முடியும். மூன்றாவது வகையை யாரேனும் புதிதாக எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

பயிலரங்குக்கு முன்பு

இந்தக் குழு பின்பற்றிய செயல்முறைக்கு ரெஸ்க்யூ என்று பெயர். அதில் நான்கு ஓடைகள் ஒன்றுக்கொன்று இணையாகச் சென்றன: மனிதர்கள் இப்போது வேலை செய்யும் விதத்தை ஆராய்வது, எதிர்கால அமைப்பில் யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்பதை ஐ-ஸ்டார் என்ற மாதிரி மொழியில் வரைவது, யூஸ் கேஸ்களையும் (ஒரு நோக்கத்துக்காகப் பயனரும் அமைப்பும் செய்பவற்றின் விவரிப்பு) காட்சிநிலைகளையும் (அவை ஒரு சூழ்நிலையில் நடந்தேறும் வரிசை) எழுதுவது, தேவைகளைப் பதிந்து நிர்வகிப்பது. குறிப்பிட்ட கட்டங்களில் இந்த ஓடைகளின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டு முரண்கள் களையப்பட்டன. கற்பனைப் பயிலரங்கு இந்த ஓட்டத்தின் நடுவே வைக்கப்பட்டிருந்தது. திட்டத்தின் முதல் நாள் உற்சாகத்துக்காகவோ, தேக்கம் வந்தபோது அவசரச் சிகிச்சையாகவோ அதை அவர்கள் கூட்டவில்லை. அமைப்பின் எல்லை எது, எந்த வேலை மனிதரிடம் இருக்கும், எது கணினிக்குப் போகலாம் என்ற கேள்விகள் முதல் மாதிரிகளில் வெளிப்படையாகத் தெரிந்த பிறகு பயிலரங்கு நடந்தது. முழு விவரங்களுடன் யூஸ் கேஸ்கள் எழுதப்படுவதற்கு முன்பே அது முடிந்தது. இந்த நிகழ்வை எடுத்துக்காட்டாகக் கொள்பவர்கள் பலர் பயிலரங்கின் வண்ணமயமான பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த இடவமைப்பைக் கவனிக்காமல் விடுவது எனக்கு வருத்தம் தரும் ஒன்று.

இந்த இடவமைப்புக்குப் பின்னால் கோட்பாட்டுக் காரணமும் உண்டு. கணிதமேதை ஹென்றி பாயின்கரே தம் சொந்த அனுபவத்தை விவரித்ததன் அடிப்படையில், கிரஹாம் வாலஸ் 1926இல் கற்பனைச் செயலை நான்கு நிலைகளாகப் பிரித்தார்: தயாரிப்பு, உள்ளே ஊறவிடல், திடீர்த் தெளிவு, சரிபார்ப்பு. பயிலரங்கின் அமர்வுகளும் இந்த வரிசையைத் தழுவியே அமைக்கப்பட்டன. முதலில் சிக்கலில் மனம் தோய வேண்டும். பிறகு வேறு எதிலேனும் அது ஈடுபட வேண்டும். அதன் பிறகே கருத்துகளைக் கேட்க வேண்டும். அறிவாற்றல் அறிவியலாளர் மார்கரெட் போடன் வகுத்த மூன்று வகைக் கற்பனைகளும் அமர்வுகளைப் பிரிக்கப் பயன்பட்டன. இருக்கும் எல்லைக்குள் இதுவரை எட்டாத மூலைகளைத் தேடுவது ஒன்று. தொடர்பில்லாத கருத்துகளை இணைப்பது மற்றொன்று. எல்லைகளையே மாற்றிவிடுவது மூன்றாவது. போடன் செய்த இன்னொரு வேறுபாடு தேவைப் பொறியாளருக்கு இன்னும் உதவக்கூடியது: உலகத்துக்கே புதிதாக இருப்பது வேறு, அதை எண்ணுபவருக்குப் புதிதாக இருப்பது வேறு. வேறொரு துறையில் நெடுநாளாக உள்ள ஓர் ஏற்பாடு இந்தத் திட்டத்தில் பங்குபெறும் எவருக்கும் தோன்றியிராவிட்டால், அதுவும் திட்டத்துக்குப் புதிய தேவையே.

அரங்குக்குள் நடந்தவை

கோரா-2 பயிலரங்குகளில் அதிகம் பேசப்படுவது வெளித்துறை வல்லுநர்களின் வருகை. இந்தியத் துணி வடிவமைப்பை அறிந்தவரும், நவீன இசையமைப்பை அறிந்தவரும் தத்தம் துறையைப் பற்றி விளக்க, அவற்றுக்கும் விமான மோதல்நிலைத் தீர்வுக்கும் இடையே ஒப்புமைகளைத் தேடும்படி பங்கேற்பாளர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். இணைக்கும் கற்பனையைத் தூண்டுவதற்காக, வெவ்வேறு நாட்டுச் சமையல் மரபுகளைக் கலந்து புதிய உணவுகளை உருவாக்கும் சமையற்கலைஞர் ஒருவரும் அழைக்கப்பட்டார். பாதுகாப்பைத் தவிர வேறெதையும் முதன்மையாகக் கருதாத துறையில் இப்படியொரு முயற்சிக்கு இசைவு கிடைத்ததே பெரிய காரியம்.

ஒப்புமை உத்தியின் பலத்தையும் பலவீனத்தையும் உளவியல் ஆய்வுகள் முன்பே காட்டியிருக்கின்றன. மேரி கிக், கீத் ஹோலியோக் இருவரும் 1980இல் வெளியிட்ட ஆய்வில், கோட்டையொன்றைப் பல சாலைகள் வழியாகச் சிறு படைகளை அனுப்பிக் கைப்பற்றும் கதையைப் பங்கேற்பாளர்கள் முதலில் படித்தார்கள். பின்னர், வயிற்றிலுள்ள கட்டியை மட்டும் அழித்துச் சுற்றியுள்ள திசுவைக் காக்கும்படி கதிர்வீச்சைச் செலுத்துவது எப்படி என்ற சிக்கல் அவர்களிடம் தரப்பட்டது. பலவீனமான கதிர்களைப் பல திசைகளிலிருந்து ஒரே புள்ளிக்குச் செலுத்தலாம் என்ற விடை கதையிலேயே இருந்தது. இருந்தும், கதையைப் பயன்படுத்துங்கள் என்று குறிப்புத் தராதவரை பெரும்பாலோர் அதைப் பயன்படுத்தவில்லை. குறிப்புத் தந்தவுடன் பெரும்பாலோர் விடையைக் கண்டார்கள். தொலைவிலுள்ள துறையின் மேற்பரப்பு நம்முடைய துறையைப் போலத் தோற்றமளிக்காது, ஒற்றுமை உள்ளமைப்பில் மறைந்திருக்கும் என்பதே காரணம். நெசவு வடிவமைப்பைப் பற்றிக் கேட்கும் கட்டுப்பாட்டாளர் மகிழ்ந்து ரசிக்கலாம்; அதன் எந்த அமைப்பு மோதல்நிலைக்கு ஒத்தது என்பதை நெறியாளர் அவருடன் அமர்ந்து இழை இழையாகப் பொருத்திக் காட்டாவிட்டால், ரசிப்போடு அது நின்றுவிடும். ஆகையால் வெளித்துறை வல்லுநரை அழைக்க விரும்பும் குழு, அவருடைய பேச்சுக்கு ஒதுக்கும் நேரத்தைவிடப் பொருத்திப் பார்க்கும் பயிற்சிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

எல்லையை மாற்றும் கற்பனைக்கு அவர்கள் கையாண்ட உத்தி, கட்டுப்பாட்டை நீக்கிப் பார்த்தல். துறையின் கட்டுப்பாடுகளை முதலில் பங்கேற்பாளர்களே பட்டியலிடுகிறார்கள். பிறகு ஒன்றைத் தேர்ந்து, அது இல்லை என்று வைத்துக்கொண்டு என்னென்ன செய்யலாம் என்று எண்ணுகிறார்கள். கடைசியில் அதைத் திரும்பக் கொண்டுவந்து, கிடைத்த கருத்துகளில் எவை தாக்குப்பிடிக்கின்றன என்று பார்க்கிறார்கள். விளக்கத்துக்காக நானே ஓர் எடுத்துக்காட்டை அமைக்கிறேன். இது அந்தப் பயிலரங்கின் பதிவு அன்று. புறப்படத் தயாரான விமானம் ஓடுபாதையின் முனையில் வரிசையில் நின்றாக வேண்டும் என்ற கட்டுப்பாட்டை நீக்கிவிடுவோம். வரிசை என்பது தரையில் நிற்கும் விமானங்களின் வரிசையாக இருக்க வேண்டியதில்லை, கணினியில் மட்டும் இருக்கும் வரிசையாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் உடனே எழுகிறது. அப்படியானால் விமானம் நிறுத்துமிடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கலாம். எரிபொருள் மிஞ்சும், தாமதமாக வரும் பயணியைக்கூட ஏற்றிக்கொள்ளலாம். கட்டுப்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தால், நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்கு வந்துசேர ஆகும் நேரத்தை மென்பொருள் நம்பகமாகக் கணிக்க வேண்டும் என்ற தெளிவான தேவை கையில் கிடைக்கிறது. அத்துடன், விமானம் எப்போது உண்மையில் தயாராகும் என்பதை விமான நிறுவனம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற தேவையும் வருகிறது. விமான நிலையக் கூட்டு முடிவெடுத்தல் என்ற பெயரில் பின்னர் ஐரோப்பிய நிலையங்களில் பரவிய நடைமுறையின் சாரம் ஏறத்தாழ இதுவே.

இந்த உத்தி வல்லுநர்களிடம் எளிதில் பற்றிக்கொள்வதற்குக் காரணம், அது அவர்களுடைய அறிவிலிருந்தே தொடங்குகிறது என்பதுதான். கட்டுப்பாடுகளை அடுக்கிச் சொல்வதில் கட்டுப்பாட்டாளரை மிஞ்ச எவராலும் முடியாது. வெளியாள் ஒருவர் கேட்டால் தற்காப்பாகப் பேசக்கூடிய அதே மனிதர், கட்டுப்பாட்டைத் தாமே எடுத்துவைத்துத் தாமே நீக்கும்போது தயக்கத்தை விட்டுவிடுகிறார். இன்னொரு பலனும் உண்டு. விதி என்று நினைத்திருந்தவற்றுள் சில, விதிநூலில் இல்லாத பழக்கங்கள் என்பது பட்டியலிடும்போதே தெரியவரும். அவற்றை நீக்க எவருடைய அனுமதியும் தேவையில்லை.

மூளைப்புயல் எனப்படும் கூட்டுச் சிந்தனை அமர்வுகளும் இடம்பெற்றன. அலெக்ஸ் ஆஸ்போர்ன் பரப்பிய இந்த முறையின் விதிகள் அனைவரும் அறிந்தவை: விமர்சனத்தைத் தள்ளிவையுங்கள், எண்ணிக்கையைப் பெருக்குங்கள், விசித்திரத்தை வரவேற்கவும் ஒருவர் கருத்தின் மேல் மற்றவர் கட்டவும் தயங்காதீர்கள். இருப்பினும், 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெர்ரி, பிளாக் மூவரும் நடத்திய சோதனையிலேயே, தனித்தனியாக எண்ணியவர்களின் கருத்துகளைத் தொகுத்தால் ஒன்றாக அமர்ந்து எண்ணிய குழுவைவிட அதிகம் கிடைப்பது தெரிந்துவிட்டது. 1987இல் டீலும் ஸ்ட்ரோபாவும் அதன் முதன்மைக் காரணத்தைக் காட்டினார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், காத்திருக்கையில் தம் கருத்தை மறக்கிறார்கள் அல்லது கைவிடுகிறார்கள். மூத்த கட்டுப்பாட்டாளரும் இளம் பொறியாளரும் ஒரே மேசையில் அமரும் இடத்தில் தகுதிநிலையின் தயக்கமும் இதனுடன் சேரும். முதலில் ஒவ்வொருவரும் தாளில் எழுதி, பிறகு முறைவைத்து ஒவ்வொன்றாகச் சொல்லும் ஏற்பாடு இந்த இழப்பைக் குறைக்கும். தேவைகளைத் திரட்டும் கூட்டங்களில் இவ்வளவு எளிய திருத்தம் இன்னும் வழக்கமாகாதது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

டிமேன் பயிலரங்கில் கருத்துகளைக் குவித்தலோடு வேலை நிற்கவில்லை. குழுக்கள் தாங்கள் தேர்ந்த கருத்துகளைக் கொண்டு, வருங்கால அமைப்பு ஒரு சூழ்நிலையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஸ்டோரிபோர்டாகப் படம் படமாக வரைந்தன. சுவரில் தனித்தாளாக ஒட்டியிருக்கும்போது எல்லாக் கருத்தும் நன்றாகவே தெரியும். முதல் கட்டத்தில் எச்சரிக்கை வருகிறது, இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாட்டாளர் வரிசையை மாற்றுகிறார் என்று வரையத் தொடங்கினால், அந்த நேரத்தில் விமானியுடன் பேசிக்கொண்டிருப்பவர் யார், அவருடைய கண் ஜன்னலில் இருக்குமா திரையில் இருக்குமா என்ற கேள்விகளைத் தவிர்க்க முடியாது. கோபுரத்தில் வெளியே பார்ப்பது பணியின் ஒரு பகுதி. திரைக்குள் தலையைக் கவிழ்க்கவைக்கும் எந்த வசதியும் அங்கே தீமை பயக்கும். வரைபவர்கள் அந்தப் பணியை அறிந்தவர்களாக இருப்பதால், இந்தச் சோதனை பெரும்பாலும் பென்சில் முனையிலேயே நடந்துவிடுகிறது.

கருத்து எப்போது தேவையாகிறது

பயிலரங்கின் முடிவில் கையில் இருப்பவை கருத்துகள் மட்டுமே. அவற்றைத் தேவைகளாக்கியது அதன் பிறகு நடந்த சலிப்பூட்டும் பணி. ஸ்டோரிபோர்டுகளிலிருந்து யூஸ் கேஸ்கள் எழுதப்பட்டன. ஆர்ட்-சீன் என்ற மென்கருவி அவற்றிலிருந்து காட்சிநிலைகளை உருவாக்கி, ஒவ்வொரு நிகழ்வுக்கும் "இது நடக்காவிட்டால்?", "இது தாமதமானால்?", "தவறான தகவல் வந்தால்?" போன்ற கேள்விகளைத் தானே முன்வைத்தது. கட்டுப்பாட்டாளர்களுடன் அமர்ந்து இந்தக் காட்சிநிலைகளை அடியடியாக நடந்து பார்த்தபோது விடுபட்ட தேவைகள் வெளிப்பட்டன. இது வாலஸ் சொன்ன சரிபார்ப்பு நிலையின் நடைமுறை வடிவம். கற்பனை அமர்வு விட்டுச்செல்லும் நம்பிக்கையான ஒற்றைப் பாதையை இந்தக் கேள்விகள் பல பாதைகளாகப் பிரித்துவிடுகின்றன.

தேவைகளைப் பதிவதற்கு ராபர்ட்சன் தம்பதியர் உருவாக்கிய வோலேர் வார்ப்புரு பயன்பட்டது. அதில் ஒவ்வொரு தேவைக்கும் விளக்கம், காரணம், மூலம் ஆகியவற்றுடன் அளவுகோல் ஒன்றையும் எழுதியாக வேண்டும். கட்டப்பட்ட மென்பொருள் அந்தத் தேவையை நிறைவேற்றுகிறதா என்று எவரும் சோதித்துச் சொல்லக்கூடிய அளவுகோலாக அது அமைய வேண்டும். "வரிசை மாற்றத்தைக் கட்டுப்பாட்டாளர் எளிதாகப் புரிந்துகொள்ள வேண்டும்" என்பது கருத்து. எத்தனை விநாடிக்குள், எத்தனை விமானங்கள் திரையில் இருக்கும்போது, எந்தப் பயிற்சி பெற்றவர் என்று எழுதினால்தான் அது தேவை. அளவுகோல் எழுத வரவில்லை என்றால், பெரும்பாலும் அந்தக் கருத்து இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். அதைக் கைவிடாமல் மறுபடியும் ஸ்டோரிபோர்டுக்கு அனுப்பலாம். மூலம் என்ற கட்டமும் முக்கியமானது. எந்த உத்தி எந்தத் தேவைக்கு வழிவகுத்தது என்பதைப் பின்னோக்கிச் சென்று காண அது ஒன்றுதான் வழி.

பயிலரங்கு கூட்ட வழியில்லாத குழுக்களுக்கு

கட்டுப்பாட்டாளர்களைப் பணிப்பட்டியலிலிருந்து முழு நாட்களுக்கு விடுவிப்பது எளிதன்று. சிறு நிறுவனங்களில் பயனரின் ஒரு மணி நேரம்கூட அரிதாகவே கிடைக்கிறது. இத்தகைய நிலைக்கு, இத்தாலியின் திரெந்தோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிசா மிக், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் பெர்ரி ஆகியோர் தம் சகாக்களுடன் உருவாக்கிய இபிஎம்-கிரியேட் என்ற உத்தி பொருந்தும். இரண்டு தரப்பினரின் பார்வைகளை முறைப்படி சேர்த்தும் பிரித்தும் எண்ணும்படி 16 படிகள் அதில் உண்டு. நான்கே படிகள் கொண்ட சுருக்க வடிவமும் பின்னர் வந்தது: இரு தரப்பும் விரும்புவது, முதல் தரப்பு மட்டும் விரும்புவது, இரண்டாம் தரப்பு மட்டும் விரும்புவது, இரண்டும் விரும்பாதது. தங்கள் சோதனைகளில் இந்த உத்தி மூளைப்புயலைவிட அதிகமான, மேலான கருத்துகளைத் தந்ததாக அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். கோபுரக் கட்டுப்பாட்டாளர், விமானி என்ற இரு தரப்பை இதில் வைத்துப் பார்த்தால், கடைசிப் படியின் மதிப்பு புலப்படும். அவர்கள் இருவருமே கேட்காத ஒன்று, ஓடுபாதைக்கு அருகில் குடியிருப்போருக்கோ நிலையத்தின் எரிபொருள் கணக்கைப் பார்ப்பவருக்கோ அவசியமானதாக இருக்கலாம். அழைக்கப்படாத தரப்பை அரங்குக்குள் கொண்டுவரும் படி அது.

மெய்டன் குழுவினர் பின்னர் இதே அணுகுமுறையைக் குடிமைப் பயன்பாட்டுக்கும் இராணுவப் பயன்பாட்டுக்கும் வான்வெளியைப் பகிர்ந்தளிக்கும் அமைப்பொன்றுக்கும் கையாண்டார்கள். அங்கும் பயிலரங்கு தனி நிகழ்ச்சியாக நில்லாமல் செயல்முறைக்குள்ளேயே பொருத்தப்பட்டிருந்தது. ஒரே ஒரு நாள் மட்டுமே கிடைக்கும் குழுவொன்று என்னிடம் ஆலோசனை கேட்டால், வெளித்துறை வல்லுநரை அழைக்கும் எண்ணத்தை முதலில் ஒத்திவைக்கச் சொல்வேன். முந்தைய வாரத்திலேயே, அமைப்பின் எல்லையையும் அது யாருடன் தகவல் பரிமாறுகிறது என்பதையும் காட்டும் சூழல் வரைபடத்தையும் இப்போதைய பணியின் விவரத்தையும் பங்கேற்பாளர்களுக்கு அனுப்பிவிட வேண்டும். காலையில் கட்டுப்பாடுகளைத் தனித்தனியாகத் தாளில் எழுதவைத்து, இரண்டு மூன்றை மட்டும் நீக்கிப் பார்க்கலாம். மதிய உணவுக்கு நிறைய நேரம் விடலாம். ஊறவிடுதல் அந்த இடைவெளியில்தான் நிகழும். பிற்பகல் முழுவதையும் ஸ்டோரிபோர்டுக்கே கொடுத்து, மறுநாள் காலையில், நினைவு மங்குவதற்குள், ஒவ்வொரு படத்துக்கும் அளவுகோல் எழுதும் பொறுப்பைப் பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.